வீட்டுக்குள் ஒரு போறணை

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் கோட்டைகளையும் கல்வெட்டுகளையும் தேடிச் செல்வர். அத்துணைத் தூரம் போகவேண்டுவதில்லை, வீட்டின் பின்பக்கம் போனாலே போதும் என்பது என் எண்ணம். ஈழத்துத் தமிழராகிய நாம் சமைக்கும் இடத்தைக் 'குசினி' என்கிறோம். காலையில் உண்பதைப் 'பாண்' என்கிறோம். அது வேகும் சூளையைப் 'போறணை' என்கிறோம். மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். திருக்கோணமலையில் வாழ்பவருக்கு இதில் ஒரு வேடிக்கை தோன்றாமற் போகாது. 1622ஆம் ஆண்டில் சுவாமிமலையிலே கோணேசர் ஆலயத்தை இடித்து வீழ்த்தியவர்களும் அதே போர்த்துக்கேயரே. அவர்களுடைய ஆட்சி போயிற்று, படைகளும் போயின. பாண் மட்டும் போகவில்லை. வயிற்றுக்கு வரலாற்றுப் பகை நெடுநாள் நினைவில் நிற்பதில்லை போலும்!

ஆயினும் சைவ வீடுகளுக்குள் பாண் எளிதில் நுழைந்துவிடவில்லை. என் அம்மம்மா தம் வாழ்நாளில் பாணைக் கையாலும் தொட்டவரல்லர். மாவைப் புளிக்கவைக்கக் கள் வார்ப்பார்கள் என்பது அவர் கேள்வியுற்ற செய்தி. அப்பத்துக்குக் கள் வார்க்கும் வழக்கம் இந்நாட்டில் உண்டாதலின் அவருடைய ஐயம் அடியற்றதென்று சொல்வதற்கில்லை. என் தாயார் காலத்தில் அந்த விலக்குத் தளர்ந்தது. வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் ஒழிந்த ஏனைய நாட்களில் பாண் வீட்டுக்கு வரலாயிற்று. என் பிள்ளைகளோ பாண் அந்நியப் பண்டம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

இம்மாற்றத்துக்குக் காரணம் நாவின் ஆசை மட்டுமன்று. 1942ஆம் ஆண்டில் பர்மா தேசம் யப்பானியர் கைப்பட்டது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் காலத்தில் அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடித்துக்கொண்டது. அவ்வாண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்ததை ஊரின் மூத்தோர் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கின்றனர். பின்னர் 1970களின் முற்பகுதியில் தட்டுப்பாடு வந்தபோது, விடியுமுன் எழுந்து ஒரு றாத்தல் பாணுக்காக வரிசையில் நின்ற கதையை என் தாயார் சொல்வார். 1977இல் சிங்கப்பூரின் பிறீமா நிறுவனம் அரசாங்கத்தோடு உடன்பாடு செய்துகொண்டு சீனக்குடாவில் மாவாலை அமைத்தது. 1980இல் அது அரைக்கத் தொடங்கியது. ஒரே இடத்தில் அமைந்த மாவாலைகளுள் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. கோதுமை ஒரு மணியும் விளையாத நாட்டில், கோதுமைக் கப்பல்கள் வந்து நிற்கும் வாசலில் நம் ஊர் இருக்கிறது. எனவே, பாணைப் பற்றி எழுதத் திருக்கோணமலையாருக்கு ஓரளவு உரிமை உண்டென்றே கருதுகிறேன்.

இனி, எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம்.

2019ஆம் ஆண்டில் ரொறன்ரோவில் வாழும் என் தமக்கையார் எங்களுக்கு ஒரு பெட்டி அனுப்பினார். பெட்டிக்குள்ளே வீட்டில் பாண் போடும் மின்னியந்திரம் ஒன்று இருந்தது. அதனோடு ஏறக்குறைய அதற்கு நிகரான பாரமுடைய மின்மாற்றி ஒன்றும் இருந்தது. கனடாவின் மின்சாரம் 120 வோல்ற்று, நம்முடையது 230. இடையில் மின்மாற்றி இல்லாவிடின் பாணுக்குமுன் பெட்டியே வெந்துவிடும்!

இவ்வியந்திரத்தின் அமைப்பு வியக்கத்தக்க எளிமையுடையது. ஒட்டாப் பூச்சுடைய ஒரு பாத்திரம், அதன் அடியிலே சுழலும் சிறு துடுப்பு, சுற்றிலும் சூடேறும் கம்பி, காலத்தைக் கணக்கிட்டு ஏவும் ஒரு சிறு மின்மூளை — இவ்வளவே. மா, நீர், உப்பு, சீனி, நொதி ஆகியவற்றை அளந்து இட்டு மூடிவிட்டால், அது தானே பிசைந்து, பொங்கவிட்டு, மீண்டும் அமுக்கி, மறுபடியும் பொங்கவிட்டு, இறுதியில் சுட்டுத் தருகிறது. மூன்று அல்லது நான்கு மணி நேரம் செல்லும். மின்சாரச் செலவு ஏறக்குறைய அரை அலகு. பாணின் அடியில் துடுப்பு இருந்த இடத்திலே ஒரு குழி விழும். அந்தக் குழியுள்ள துண்டு யாருக்கு என்பதில் எங்கள் வீட்டில் நாளும் வழக்கு உண்டு.

இதனை உருவாக்கிய கதை மாணவர்கள் அறியவேண்டியது. 1980களின் நடுப்பகுதியில் யப்பானின் மட்சுசிற்றா நிறுவனத்தார் இத்தகைய இயந்திரத்தைச் செய்ய முயன்றனர். மேற்பொருக்கு கருகியது, உட்புறமோ வேகாமற் கிடந்தது. இயந்திரம் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் ஊடுகதிர்ப்படம் எடுத்தும் ஒப்பிட்டார்கள். பயன் விளையவில்லை. அப்போது இக்குக்கோ தனாக்கா என்னும் பெண் ஒரு வழி சொன்னார். ஒசாக்கா நகரின் சர்வதேச விடுதியிலே பாண் செய்வதில் பேர்பெற்ற தலைமைச் சமையலாளர் ஒருவர் இருந்தார். அவரிடம் 1985ஆம் ஆண்டில் தாமே சென்று மாணவியாய் அமர்ந்தார் தனாக்கா. அந்தச் சமையலாளர் மாவை வெறுமனே அமுக்கவில்லை, இழுத்து முறுக்கினார். அவ்வாறு செய்வதாக அவரே யாருக்கும் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்திருக்கவுமில்லை. கை அறிந்திருந்தது, வாய் அறியவில்லை. பாத்திரத்தின் உட்புறத்திலே சில வரம்புகளை அமைத்து, அந்த இழுப்பும் முறுக்கும் இயந்திரத்துக்கு வரச்செய்தார்கள். 1987இல் அந்நிறுவனத்தின் இயந்திரம் கடைக்கு வந்தது. இக்குஜிரோ நொனாக்கா என்னும் அறிஞர் 1991இல் எழுதிய கட்டுரையால் இச்செய்தி உலகெங்கும் முகாமை பயில்வோரின் பாடமாயிற்று. சொல்லில் வராத அறிவு என்று ஒன்று உண்டு. அதனை ஏட்டிலிருந்து பெற முடியாது, அறிந்தவரின் அருகில் இருந்துதான் பெறமுடியும் என்பதே அப்பாடத்தின் சாரம்.

இந்தப் பாடம் எங்கள் குசினியிலும் நடந்தது. என் தாயாருக்கு இப்போது எழுபத்தாறு வயது. மணிக்கட்டு மூட்டுகள் வீங்கி, தேங்காய் திருவுவதும் மாக்குழைப்பதும் இயலாமற் போய்ப் பல ஆண்டுகளாயின. வீட்டார் யாவரும் அன்பின் மிகுதியால் அவரைக் குசினியிலிருந்து விலக்கி முன்விறாந்தையில் இருத்திவிட்டோம். ஓய்வு என்று நாங்கள் அதற்குப் பெயரிட்டோம். அவர் அதற்கு என்ன பெயரிட்டார் என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

இயந்திரம் வந்தபின் முதற்சில பாண்கள் உயராமற் கட்டையாகவே வந்தன. செய்முறைக் கையேட்டின்படியே அனைத்தும் அளந்திருந்தோம். ஒருநாள் தாயார் மெல்ல எழுந்து வந்து, மூடியைத் திறக்கச்சொல்லி, பிசைந்து நின்ற மாவில் சிறிது கிள்ளி இரு விரல்களால் விரித்தார். அது கிழிந்தது. "இன்னும் குழையவேணும், பிள்ளை. நுங்குத் தோல்மாதிரி விரியவேணும்" என்றார். பிசையும் நிலையை மீண்டும் ஒருமுறை ஓடவிட்டோம். அன்று பாண் பாத்திரத்தின் விளிம்புவரை எழும்பி நின்றது. பௌதிகம் கற்பிக்கும் எனக்குக் காரணம் பின்னரே துலங்கியது. மின்மாற்றி வோல்ற்றளவைத்தான் மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. கனடாவில் மின்சாரம் செக்கனுக்கு 60 முறை அதிர்வது, நம் நாட்டிலோ 50 முறை. அதற்கேற்ப மோட்டாரும் ஆறில் ஒரு பங்கு தளர்ந்தே சுழன்றது. நான் சமன்பாட்டினால் அறிந்ததை என் தாயார் விரல்நுனியால் முன்னரே அறிந்திருந்தார்.

அன்றுமுதல் விறாந்தை நாற்காலி குசினி வாசலுக்கு இடம்பெயர்ந்தது. பாண் பெட்டிக்கு அவரே மேற்பார்வையாளர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் குசினி முப்பது பாகையைக் கடந்து கொதிக்கும். மாவும் அவசரப்பட்டுப் பொங்கி, சுடுமுன்பே அமுங்கிவிடும். அக்காலத்தில் குளிர்ந்த நீரை வார்த்து நொதியில் காற்பங்கு குறைக்கவேண்டும். மாரியில் மா ஈரத்தைக் குடித்திருக்கும். நீரில் இரண்டு கரண்டி குறைக்கவேண்டும். கையேட்டை எழுதியவர் கச்சானையும் அறியார், வாடையையும் அறியார். இரண்டையும் அறிந்தவர் வாசலில் இருந்தார்.

அவரிடமிருந்து நான் தெளிந்த இன்னொன்று உண்டு. நம்மவர் இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் கோதுமை மாவை அவித்து, அரிதட்டில் அரித்து வைப்பர். அவித்த மாவில் பாண் போட்டாலென்ன என்று என் மகன் ஒருநாள் கேட்டான். "அவிச்ச மா செத்த மா. அது எழும்பாது" என்றார் பாட்டியார். விஞ்ஞானமும் இதையே சொல்கிறது. கோதுமையிலுள்ள புரதங்கள் நீரோடு சேர்ந்து பசையாகி வலைபோற் பின்னிக்கொள்கின்றன. நொதி விடும் காற்றை அந்த வலை பிடித்துவைப்பதால்தான் பாண் எழுகிறது. ஆவியில் அவிக்கும்போது அந்த ஆற்றல் அழிந்துவிடுகிறது. இடியப்பம் உதிரியாக வருவதற்காக ஒரே மாவின் இழுவையைக் கொல்கிறோம். பாணுக்காக அதையே வளர்க்கிறோம். அரிசிமாவிலும் குரக்கன் மாவிலும் இப்பசை இல்லை. எனினும் ஐந்தில் ஒரு பங்கு அவற்றைக் கலந்தால் பாணுக்கு நல்ல மணமுண்டாகும். அதற்குமேற் கலந்தால் செங்கல்லே கிடைக்கும்.

செய்துபார்க்க விரும்புவோர்க்காக எங்கள் வீட்டு அளவைத் தருகிறேன்: பாண் மா 450 கிராம், நீர் 280 மில்லிலீற்றர், உலர் நொதி ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, எண்ணெயோ வெண்ணெயோ ஒரு மேசைக்கரண்டி. ஏறத்தாழ ஒன்றரை றாத்தல் பாண் கிடைக்கும். முட்டையுமில்லை, கள்ளுமில்லை. அம்மம்மா இருந்திருப்பின் ஒரு துண்டேனும் சுவைத்திருப்பாரோ என்று எண்ணுவதுண்டு.

இத்தகைய கருவிகள் பெண்களின் வேலையைக் குறைக்கின்றன என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. உண்மைதானா? ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். 'தாய்க்கு மேலும் வேலை' என்பது அதன் தலைப்பின் பொருள். இரும்பு அடுப்பு வந்தது. விறகு பிளக்கும் ஆணின் வேலை குறைந்தது. ஆலையில் அரைத்த வெள்ளை மா வந்தது. தானியம் அரைக்கும் ஆணின் வேலை ஒழிந்தது. ஆனால் அந்த வெண்மாவைக் கொண்டு முன்னிலும் மெல்லிய பாணும் கேக்கும் செய்துதரவேண்டிய புதிய கடமை பெண்ணின் தலையில் ஏறியது. கருவி மிச்சப்படுத்திய நேரத்தை உயர்ந்துவிட்ட எதிர்பார்ப்பு விழுங்கிவிட்டது என்பது அவர் கண்ட முடிவு.

இது அமெரிக்காவின் கதை மட்டுமன்று. ஆட்டுக்கல் இருந்த காலத்தில் தோசையும் இட்டலியும் வாரத்தில் ஒருநாள் விருந்து. மின்னரைப்பான் வந்தபின் அவை நாள்தோறும் வேண்டப்படுகின்றன. விறகு போய் வாயு அடுப்பு வந்ததும் கோடரி பிடித்த கை ஓய்ந்தது. அகப்பை பிடித்த கையோ ஓயவில்லை. ஆகவே, ஒரு கருவி வீட்டுக்குள் வரும்போது கேட்கவேண்டிய கேள்வி, அது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது மட்டுமன்று. மிச்சமான நேரம் யாருக்கு உரியது என்பதே முதன்மையான கேள்வி.

எங்கள் வீட்டில் இதற்கொரு நியதி செய்துகொண்டோம். வாரத்தில் மூன்று நாள் காலையுணவு பாண். முதல்நாள் இரவு மாவை அளந்து இயந்திரத்தில் இட்டு, காலை ஐந்தரைக்கு ஆயத்தமாகும்படி நேரத்தைக் குறித்துவைப்பது மகனின் பொறுப்பு. உப்பும் நொதியும் ஒன்றையொன்று தொடாதபடி இடவேண்டும், நொதி இரவில் நனைந்துவிடவும் கூடாது என்பதெல்லாம் அவன் கற்றுக்கொண்டான். சம்பல் மகளுடையது. பாத்திரம் கழுவுவது என் கணவருடையது. முன்னர் நான்கரை மணிக்கு எழுந்து இடியப்பம் பிழிந்த எனக்கு, அந்த மூன்று நாட்களிலும் ஒரு மணி நேரம் கிடைத்தது. அதை வேறு வேலைக்குக் கொடுப்பதில்லை என்று உறுதி பூண்டேன். தாயாரோடு அமர்ந்து தேநீர் அருந்தும் வேளை அது. முப்பது ஆண்டுகளாக ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் நாங்கள் இருவரும் ஒருங்கே உட்கார்ந்து தேநீர் குடித்தது அரிதென்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

2022ஆம் ஆண்டு வந்தது. அதனை இலங்கையில் யார் மறப்பார்? எரிவாயு இல்லை, எரிபொருள் இல்லை. மார்ச்சு 31ஆம் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. எரிவாயுவின்றிப் போறணைகள் பல மூடப்பட்டன. மாவின் விலை ஏறிற்று. இடையறாது நான்கு மணி நேர மின்சாரம் வேண்டும் எங்கள் இயந்திரம், மின்மாற்றியோடு சேர்ந்து ஒரு மூலையில் மௌனமாயிற்று.

அப்போது தாயார் பிள்ளைகள் இருவரையும் அழைத்தார். பெரிய சருவச்சட்டி ஒன்றை எடுப்பித்து, அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மணல் பரப்பச்செய்தார். மணல்மேல் ஓர் இரும்பு வளையம், வளையத்தின்மேல் மா வைத்த அச்சு, சட்டியின்மேல் தகரத் தட்டு, தட்டின்மேல் சிரட்டைத் தணல். கீழே மெல்லிய நெருப்பு, மேலே கூடிய நெருப்பு. சூட்டை அறிய மானி ஏதுமில்லை. தட்டுக்குமேல் கையை நீட்டி, எத்தனை எண்ணும்வரை பொறுக்கமுடிகிறது என்பதே அளவு. வீங்கிய மணிக்கட்டோடு அவரால் மாவைக் குழைக்க முடியவில்லை, மகனின் கைமேல் தம் கையை வைத்து, "தள்ளு... இப்ப மடி... இப்ப திருப்பி இழு" என்று சொல்லிக்கொடுத்தார். ஒசாக்காவில் அந்தச் சமையலாளரின் அருகில் தனாக்கா கற்றது இதையன்றோ என்று என் நெஞ்சில் பட்டது. சட்டியிலிருந்து வந்த பாண் ஒருபுறம் சற்றுக் கருகியிருந்தது. அண்டை வீட்டாருக்கும் அரைத் துண்டு கொடுத்து உண்டோம். அவ்வாண்டில் பசியென்றால் என்னவென்று அருகிலே கண்ட வீடுகள் பல. எங்களுக்கு மா கிடைத்த நாட்கள் நற்பேறானவை.

இயந்திரம் இப்போது மீண்டும் ஓடுகிறது. ஆயினும் மாதத்தில் ஒருநாள் பிள்ளைகள் சருவச்சட்டியில் பாண் சுடவேண்டும் என்பது தாயாரின் கட்டளை. பேதோவனின் இசையை ஒலித்தபடி தெருவில் வரும் பாண் முச்சக்கர வண்டிக்காரரையும் நாங்கள் கைவிடவில்லை. பணிசுக்கும் றோஸ் பாணுக்கும் அவரே எங்களுக்குத் துணை. வீட்டுக்கு வீடு போறணை வைத்துவிட்டால், விடியுமுன் எழுந்து உழைக்கும் அவரைப் போன்றோர் எங்கே போவர்? எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்வது பெருமைதான். அண்டை அயலாரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்வது அதனினும் பெருமை.

குசினிக் கருவிகளை வெறுக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நோயுற்ற மணிக்கட்டுக்கு ஓய்வு தரும் பொருளை வெறுப்பது நன்றிகேடு. ஆனால் புதிய கருவி ஒன்றை வாங்கும் வீட்டார் இரண்டு செயல்களை உடன் செய்வாராக. அது தரும் ஓய்வை வீட்டில் மிகுதியாக உழைப்பவருக்கென்று முன்னரே ஒதுக்கிவைப்பது ஒன்று. அக்கருவி செய்யும் தொழிலை முன்னர்க் கையால் செய்தவர் வீட்டில் இருப்பாராயின், அவரைக் குசினியிலிருந்து அனுப்பிவிடாமல், பிள்ளைகளை அவரருகில் நிறுத்துவது மற்றொன்று. மாவை விரித்துப் பார்க்கும் விரல்களை எந்தக் கப்பலும் நமக்குக் கொண்டுவந்து தராது.